பனி அள்ளும் சவல்களை மண் வேலைக்கு விற்கிறார்கள்: சேலம், ஏற்காடு தோட்டக்காரர்கள் கவனத்திற்கு

சேலம் நகரில் உள்ள ஒரு ஹார்டுவேர் கடையில், "பனி, மண், தோட்டம் அனைத்துக்கும் ஏற்றது, 14 கேஜ் எஃகு" என்று ஸ்டிக்கர் ஒட்டி, பாலித்தீன் உறையிட்டு, ஒன்று 1,400 ரூபாய் என்று விற்கப்பட்ட அகன்ற அள்ளு சவல்கள் (நீண்ட பிடியும் அகன்ற தகடும் உள்ள ஷவல்) இரண்டை ஏற்காட்டில் உள்ள எங்கள் சிறிய காபித் தோட்டத்திற்காக வாங்கினோம். இரண்டும் ஒரு மழைக்காலத்தைக்கூடத் தாண்டவில்லை. ஒன்று கழுத்தில் பிளந்தது. மற்றொன்றில் பிடி கழன்றதோடு தகட்டின் ஓரமும் சுருண்டுவிட்டது. கடைக்காரர் மாற்றித் தரவும் மறுத்தார், பணத்தைத் திருப்பித் தரவும் மறுத்தார். அடுத்த பருவத்திற்குக் கருவி வாங்கப் போகிறவர்கள் இதே வலையில் விழாமல் இருக்க, நடந்ததை எழுதி வைக்கிறேன்.

வாங்கும்போதே எனக்கு ஓர் ஐயம் இருந்தது. சேர்வராயன் மலையில் பனிப்பொழிவு கிடையாது. குளிர்நாடுகளில் வாசலில் குவியும் பனியை ஒதுக்கும் கருவி வடகிழக்குப் பருவமழைக்குப் பின் வாய்க்காலில் படியும் செம்மண் சகதிக்கு எப்படிப் பொருந்தும் என்று கேட்டேன். அதற்குக் கடைக்காரர், "ஐஸ் கட்டியையே அள்ளுதுங்க சார், நம்மூரு மண்ணு எம்மாத்திரம்?" என்றார். கேட்பவர் மறுபேச்சில்லாமல் தலையசைக்கும்படி அமைந்த வாதம் அது. ஆனால் உண்மை முழுக்க முழுக்க எதிரானது. புதிதாக விழுந்த பனி ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 50 முதல் 100 கிலோதான் இருக்கும். நீர் ஊறிய மண்ணோ 1,800 கிலோவை ஒட்டி இருக்கும். பனி அவ்வளவு இலேசானது என்பதால்தான் அந்தச் சவலின் வாய் அத்தனை அகலமாக இருக்கிறது. பன்னிரண்டு லிட்டர் கொள்ளும் வாயில் பனியை நிரப்பினால் ஒரு கிலோவைச் சுற்றித்தான் தூக்குகிறோம். அதே வாயில் சகதியை நிரப்பினால் இருபது கிலோவுக்கு மேல் போய்விடும். அந்தப் பாரம் முழுவதும் தகடும் பிடியும் சேரும் கழுத்தில்தான் விழுகிறது, கூடவே தூக்குபவரின் இடுப்பிலும்.

இது புதிய கண்டுபிடிப்பு ஒன்றும் அல்ல. அமெரிக்காவின் பெத்லெஹெம் எஃகு ஆலையில் 1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஃபிரெடெரிக் டெய்லர் என்ற பொறியாளர், ஒரு தொழிலாளி ஒரு வீச்சில் சுமார் 21 பவுண்டு, அதாவது ஒன்பதரை கிலோ அள்ளும்போதுதான் நாள் முழுவதற்குமான வேலை அதிகமாக நடக்கிறது என்று கணக்கிட்டு, கனமான இரும்புத் தாதுவுக்குச் சிறிய சவலும் இலேசான சாம்பலுக்குப் பெரிய சவலும் என்று பொருளுக்கேற்றபடி பிரித்துக் கொடுத்தார். எல்லாவற்றுக்கும் ஒரே சவல் என்று எழுதி விற்பவர் நூறாண்டுக்கும் மேலாகத் தெரிந்த செய்தியை மறைத்துத்தான் விற்கிறார்.

பொருத்தமின்மையோடு போயிருந்தால் இதை வெறும் மிகைப் பேச்சு என்று விட்டிருப்பேன். உடைந்த சவலை ஒரு லேத் பட்டறையில் கொடுத்து வெர்னியர் என்ற நுண்ணளவுகோல் வைத்துத் தகட்டின் கனத்தை அளக்கச் சொன்னபோதுதான் மோசடி வெளிப்பட்டது. 14 கேஜ் தகடு என்றால் ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் கனம் இருக்க வேண்டும். அளவில் வந்தது 1.2 மில்லிமீட்டர், அதாவது 18 கேஜ். கேஜ் எண் கூடக் கூடத் தகடு மெலியும் என்பது பலருக்குத் தெரியாததால், "18 கேஜ், இன்னும் கெட்டி" என்று தலைகீழாகச் சொல்லும் விற்பனையாளர்களும் இருக்கிறார்கள். ஃபைபர் என்று சொல்லி விற்ற பிடியைப் பிளந்து பார்த்தால், மஞ்சள் பிளாஸ்டிக் உறைக்குள் மெல்லிய இரும்புக் குழாய்தான் இருந்தது. கழுத்தில் பிடியைப் பிடித்திருந்தது ஒரே ஒரு பாப் ரிவிட், அதாவது உள்ளே பொள்ளலான மெல்லிய ஆணி. உழைக்கும் சவலில் கழுத்துக் குழல் பிடியின் மேல் ஒரு சாணுக்குக் குறையாமல் ஏறியிருக்கும், ஊடுருவி அடித்த இரண்டு ரிவிட்டுகளாவது இருக்கும், தகட்டின் பின்புறக் குழிவும் மூடப்பட்டிருக்கும். எங்களுக்கு விற்றதில் குழல் நான்கு விரல் நீளம்கூட இல்லை. பின்புறம் திறந்தே கிடந்ததால் சகதி அதற்குள் புகுந்து இறுகி, பெயின்ட்டுக்கு அடியில் துருவேற்றிக்கொண்டிருந்தது.

துரு என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. "சேலம் உருக்காலைத் தகடு சார், துருவே பிடிக்காது" என்றும் அந்தக் கடையில் சொன்னார்கள். சேலம் உருக்காலை துருப்பிடிக்காத எஃகுத் தகடுகளுக்குப் பேர்பெற்றது என்பது நம் ஊரில் குழந்தைக்கும் தெரியும். அந்தப் பெயரை இரவல் வாங்கி விற்கிறார்கள். பெயின்ட் பூசிய பொருளில் உள்ளே இருப்பது எந்த இரும்பு என்று கண்ணால் சொல்ல முடியாது. காந்தம் வைத்துப் பார்ப்பதும் முடிவான சோதனை அல்ல, ஏனெனில் துருப்பிடிக்காத எஃகிலும் காந்தம் ஒட்டும் வகைகள் உண்டு. மேலும், மண் வேலைக்கு நல்ல சவல் துருப்பிடிக்காத எஃகில்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயமே இல்லை. பதம் கொடுத்த கார்பன் எஃகைக் கழுவி எண்ணெய் தடவி வைத்தாலே போதும். சவல்களுக்கென்று ஐ.எஸ். 274 என்ற இந்தியத் தர நிர்ணயம் இருக்கிறது. அந்த எண் எங்கள் ஸ்டிக்கரில் இல்லை. உற்பத்தியாளர் அல்லது இறக்குமதியாளர் பெயர், முகவரி, எந்த நாட்டில் செய்தது, மாதமும் ஆண்டும், அதிகபட்ச விற்பனை விலை ஆகிய எதுவும் அதில் இல்லை.

பில் விவகாரம்தான் எனக்கு அதிகம் உறுத்தியது. முதலில் "எஸ்டிமேட்" சீட்டுதான் நீட்டினார்கள். முறையான பில் கேட்டதும், 18 சதவீத ஜி.எஸ்.டி. சேரும் என்று சொல்லி 504 ரூபாய் கூடுதலாக வாங்கிக்கொண்டார்கள். கையால் இயக்கும் வேளாண் கருவிகளான மண்வெட்டி, சவல், களைக்கொத்து போன்றவை வரிப் பட்டியலில் 8201 என்ற எண்ணுள்ள தலைப்பின் கீழ் ஜி.எஸ்.டி. விலக்குப் பட்டியலில் இருக்கின்றன என்பதை எங்கள் கணக்கர்தான் பிறகு சொன்னார். தோட்டத்துக்குத்தான் வாங்குகிறோம் என்று கடையிலேயே சொல்லியிருந்தோம். அந்தப் பில்லிலும் "சவல் – 2" என்று மட்டுமே இருந்தது. கேஜும் இல்லை, பிராண்டும் இல்லை. உடைந்ததை எடுத்துக்கொண்டு மலையிறங்கிப் போனபோது, "14 கேஜ்னு பில்லுல எங்கங்க இருக்கு?" என்று கேட்டுவிட்டு, "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்ற பலகையைக் காட்டினார் கடைக்காரர்.

அந்தப் பலகைக்கு நாம் அஞ்ச வேண்டியதில்லை. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பில் தர மறுப்பதையும், குறையுள்ள பொருளைப் பில்லில் குறித்த காலத்துக்குள், அப்படிக் காலம் குறிக்கப்படாவிட்டால் 30 நாட்களுக்குள் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பதையும் முறையற்ற வணிக நடைமுறை என்றே சொல்கிறது. நான் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிந்து, உறையோடு சேர்த்து எடுத்த ஸ்டிக்கரின் படத்தையும் லேத் பட்டறையில் எழுதி வாங்கிய அளவுச் சீட்டையும் அனுப்பினேன். அதன் பிறகு கடையிலிருந்து தொலைபேசி வந்தது. ஒரு சவலின் விலையையும் வாங்கிய வரியையும் திருப்பித் தந்தார்கள். மற்றொன்றை நாங்கள் முரட்டுத்தனமாகக் கையாண்டதாகச் சொல்லி இன்னும் மறுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இப்போது வாய்க்கால் வேலைக்குக் கொல்லுப்பட்டறையில் செய்த குறுகிய வாய்ச் சவலைப் பயன்படுத்துகிறோம். அகன்ற வாய்க்கு வேலையே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். களத்தில் காய்ந்த செர்ரியை, அதாவது காபிப் பழத்தை, கூட்டி அள்ளவும், உலர்ந்த தொலியை வாரவும் அலுமினியத்தில் செய்த அகன்ற சவல் அருமையானது. இலேசாக இருப்பதால் பெண்கள் நாள் முழுவதும் கை சலிக்காமல் அள்ளுகிறார்கள். அதன் ஓரம் சிமெண்ட் தரையில் தேயும் என்பது மட்டுமே குறை. பிளாஸ்டிக்கில் வருவதை வெயிலில் போட்டு வைத்தால் நொறுங்கத் தொடங்கும். நிழலில் வைக்க இடமிருப்பவர்கள் மட்டும் வாங்கலாம்.

இதே ஸ்டிக்கருடன் இதே சவலை வாங்கி உடைத்துக்கொண்டவர்கள் சேலத்திலோ மலையிலோ இருந்தால், பில்லையும் உடைந்த தகட்டையும் எறிந்துவிட வேண்டாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் முறையிடலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை. நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே மனு கொடுக்கலாம். இரண்டாவது சவலுக்காக நான் அங்கு கொடுக்கத்தான் மனுவைத் தயாரித்துக்கொண்டிருக்கிறேன்.