பிங்க் புத்தகமும் ஈப்போ ரோடும்

மலேசியாவில் ஈப்போ பக்கத்துச் சுங்கை சிப்புட் மாதிரி ஒரு தோட்டத்து ஊரில், கர்ப்பம் சிக்கலானது என்று தெரிந்துவிட்டால் ஒரு பெண்ணுக்கு என்ன வைத்தியம் கிடைக்கும், எந்த இடத்தில் இடறும் என்று கூடவே இருந்து பார்த்துவிட்டு வந்தேன். வெளிநாட்டிலிருந்து மகளுக்கோ தங்கைக்கோ துணையாகப் போக நினைப்பவர்களுக்கு உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

என் மருமகளுக்கு, அதாவது அண்ணன் மகளுக்கு, இது இரண்டாவது பிள்ளை. முதல் பிள்ளை சிசேரியன், அப்போதே கடைசி மாதங்களில் ரத்தக்கொதிப்பு. இந்தத் தடவை இனிப்புநீரும் (சர்க்கரை நோய்) சேர்ந்துகொண்டது. அண்ணிக்கு முட்டிவலி, மாப்பிள்ளைக்கு தொழிற்சாலையில் ஷிப்டு வேலை. "அத்தை, நீங்க கூட இருந்தா எனக்குத் தைரியமா இருக்கும்" என்றாள். பர்மிங்காமில் லீவு போட்டுவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

அரசாங்க கிளினிக் என்றாலே நம் ஆட்களில் பலருக்கு ஓர் இளக்காரம். நாலு காசு சேர்ந்தால் தனியாரிடம் போவதுதான் கௌரவம் என்று நினைப்பு. சிக்கலான கர்ப்பத்துக்கு அந்த நினைப்பு ஆகாது. கிளினிக் கெசிஹாத்தானில், அதாவது அரசாங்க சுகாதார கிளினிக்கில், பதிந்த அன்றே பிங்க் புத்தகம் ஒன்று கொடுக்கிறார்கள். எடை, ரத்த அழுத்தம், சிறுநீர், ஹீமோகுளோபின், குழந்தையின் வளர்ச்சி எல்லாம் அதில் ஏறிக்கொண்டே இருக்கும். அட்டையில் ஒரு வண்ணக் குறி. வெள்ளை என்றால் மிஸியே (நர்ஸ்) பார்த்துக்கொள்வார். பச்சை என்றால் கிளினிக் டாக்டர் பார்க்க வேண்டும். மஞ்சள் என்றால் நிபுணர். சிவப்பு என்றால் அப்போதே ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு முறை போகும்போதும் நிறத்தை மறுபடி பார்க்கிறார்கள், நிலைமை மாறினால் குறியும் மாறும். எந்த ஆஸ்பத்திரிக்கு அந்தப் புத்தகத்தோடு போனாலும் அட்டையைப் பார்த்ததுமே விஷயம் புரிந்துவிடும். என் மருமகளுடையது மஞ்சள்.

மலாயா சுதந்திரம் பெற்ற 1957இல் லட்சம் பிரசவத்துக்கு ஏறக்குறைய 280 தாய்மார் இறந்துகொண்டிருந்த நாடு இது. 2010களில் அது 25 அளவுக்கு இறங்கியிருந்தது. தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெசரையும் (மருத்துவ உதவியாளர்) லயத்தில் மருத்துவச்சியையும் நம்பிப் பிள்ளை பெற்ற என் அம்மா தலைமுறைக்கு இதன் அருமை தெரியும். கிளினிக் டேசா எனும் கிராமத்து கிளினிக்குகளின் மிஸிகள் வீடு வீடாக ஏறி இறங்கியதும், 1991 முதல் நாட்டில் நடக்கும் ஒவ்வொரு தாய் மரணத்தையும் ஏன் நடந்தது என்று உட்கார்ந்து விசாரிப்பதும்தான் இதைச் சாதித்தவை என்பது என் எண்ணம்.

சர்க்கரை பார்க்கும் நாளைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். வெறும் வயிற்றோடு காலையில் போக வேண்டும். விரலில் குத்தி ஒரு தடவை, பிறகு சாப்பாட்டு வேளைகளை ஒட்டி மறுபடி மறுபடி. நீள பெஞ்சில் வயிற்றுப்பிள்ளைக்காரிகள் வரிசையாக டிபன் கேரியரோடு உட்கார்ந்திருக்கிறார்கள். தமிழ் மிஸி ஒருவர் ஒவ்வொரு டப்பாவையும் திறந்து பார்த்தார். என் மருமகள் டப்பாவில் சோற்றைக் கரண்டியால் ஒதுக்கிக் காட்டி, "இந்தப் பாதி போதும்மா, மிச்ச இடத்துக்குக் கீரை, காய் வை. மீனும் சேத்துக்கோ" என்றார். பக்கத்துப் பெண் சீனியே போடுவதில்லை என்று சாதித்தாள். காலையில் என்ன குடித்தாய் என்று கேட்டால் மைலோ. "அதுல கெட்டிப்பால் ஊத்துனியா இல்லையா? அது சீனி இல்லாம வேற என்ன?" வெறும் வயிற்றில் சர்க்கரை 5.3க்குள் (அங்கே மில்லிமோல் கணக்கு) இருக்க வேண்டும். என் மருமகளுக்கு அது இரண்டு முறையும் தாண்டியதால் இரவு இன்சுலின் தொடங்கினார்கள். ஊசி போடச் சொல்லிக்கொடுத்த மிஸி, அவளே தன் கையால் போட்டுக் காட்டும்வரை விடவில்லை. மலேசியாவில் இனிப்புநீர் இந்தியர்களிடம்தான் அதிகம். நம் வீட்டுப் பெண்கள் குளுக்கோஸ் தண்ணி குடிக்கும் அந்தச் சோதனையைத் தட்டிக்கழிக்கவே கூடாது.

ரத்தக்கொதிப்பு மறுபடி வரும் அபாயம் இருந்ததால் குறைந்த அளவு ஆஸ்பிரின் இரவில் கொடுத்திருந்தார்கள், கூடவே கால்சியம். ஆஸ்பிரினை 16 வாரத்துக்கு முன்பே தொடங்கினால்தான் முழுப் பலன். அதனால் நாள் தள்ளிப்போன உடனே பதிவது முக்கியம். மூன்று மாதம் முடியட்டும், கண்ணு பட்டுவிடும் என்று பெரியவர்கள் தள்ளிப்போடுவது இந்த இடத்தில்தான் கெடுதல் செய்கிறது.

ஒரு குறையையும் சொல்லியே ஆக வேண்டும். நடுவில் ஸ்கேன் படத்துக்காக ஒரு தனியார் கிளினிக்குக்குப் போயிருக்கிறாள். அங்கே பிரஷர் பார்த்து, "கொஞ்சம் கூட இருக்கு, ரெஸ்ட் எடுங்க" என்று அனுப்பிவிட்டார்கள். எண் எவ்வளவு என்று அவளிடம் சொல்லவும் இல்லை, பிங்க் புத்தகத்தில் எழுதவும் இல்லை. இவளும் சாதாரணம் என்றே எடுத்துக்கொண்டாள். அடுத்த வாரம் அரசாங்க கிளினிக்கில் பார்க்கும்போதுதான் 150ஐத் தொட்டிருப்பது தெரிந்தது. தனியாரிடம் போவதில் தப்பில்லை. ஆனால் புத்தகத்தை நீட்டி, "டாக்டர், இதுல எழுதிக் கொடுங்க" என்று கேட்டு வாங்குங்கள். கேட்பதற்குக் கூச்சப்படவே வேண்டாம்.

நிபுணரைப் பார்க்க ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஊரில் இன்னும் ஜி.எச். என்றுதான் சொல்கிறார்கள். தூரம் சுமார் முப்பது கிலோமீட்டர். கார் வைத்திருப்பவருக்கு இது ஒரு தூரமே இல்லை. ஆனால் ஜாலோங், லிந்தாங் பக்கம் செம்பனை (பாமாயில்) தோட்டத்துக்குள் இருக்கும் வீட்டிலிருந்து, ஏழாம் மாத வயிற்றோடு, மூத்த பிள்ளையை யாரிடமாவது விட்டுவிட்டு, பஸ் பிடித்துப் போய் மதியம்வரை காத்திருந்து திரும்புவதை யோசித்துப் பாருங்கள். கிராப் வாடகைக் கார் கூப்பிட்டால் உள் ரோடு என்றதும் ஆள் வருவதில்லை. நாள் சம்பளக்காரப் புருஷன் கூட வந்தால் அன்றைய சம்பளம் போச்சு. கர்ப்பகாலப் பரிசோதனைக்கு கிளினிக்கில் எங்களிடம் ஒரு வெள்ளி (ரிங்கிட்) கூட வாங்கவில்லை. அலைச்சலுக்குத்தான் பணம் கரைந்தது. வைத்தியம் இலவசமாக இருந்தும் பெண்கள் பின்தங்குவது இதனால்தான் என்று நான் அடித்துச் சொல்வேன். அப்பாயின்மென்டைத் தவறவிட்டால் மிஸிகள் போன் போடுகிறார்கள், எடுக்காவிட்டால் வீட்டுக்கே தேடி வருகிறார்கள். தேடி வரும் மிஸியால் கூட்டிக்கொண்டு போக ஒரு காரைக் கொடுக்க முடியாதே.

பெஞ்சில் பழக்கமான ஒரு பெண்ணின் கதை இன்னும் மனதை அறுக்கிறது. தோட்டத்தில் பிறந்து தோட்டத்தில் வளர்ந்தவள், பெற்றோர் பிறப்பைப் பதியாததால் ஐசி (அடையாள அட்டை) இல்லை. அவளுக்கு வெளிநாட்டவர் கட்டணம். தமிழும் மலாயும் தவிர வேறு மண் தெரியாதவள், அந்தப் பணத்தை நினைத்தே கர்ப்பம் பாதி தாண்டியபின் வந்திருக்கிறாள். ஹீமோகுளோபின் குறைந்தது 11 இருக்க வேண்டும், அவளுக்கு அதற்கு மிகவும் கீழே. இப்படிப்பட்டவர்களுக்கு நம் சங்கங்கள் திருவிழா அன்னதானத்தோடு ஒரு ஆஸ்பத்திரி நிதியும் வைக்கலாம். பதிவிலாகாவுக்குக் கூட அலையவும் நாலு பேர் வேண்டும்.

முப்பத்தைந்தாம் வாரத்தில் என் மருமகளுக்குத் தலைவலி, கண் மங்கல். கிளினிக்கில் பிரஷர் 160, சிறுநீரில் புரதம். மிஸி ஒரு வார்த்தை பேசவில்லை, மஞ்சளை எடுத்துவிட்டு சிவப்பை ஒட்டினார். டாக்டர் மருந்து கொடுத்து, ஆம்புலன்ஸில் ஒரு மிஸியையும் கூட ஏற்றி ஈப்போவுக்கு அனுப்பினார். வழியெல்லாம் அந்த மிஸி பிரஷர் பார்த்துக்கொண்டே வந்தார். வார்டில் குழந்தையின் நுரையீரல் முதிர்வதற்கு ஸ்டீராய்டு ஊசி போட்டார்கள். பிரஷரை அடக்கி வைத்துப் பார்த்து, 37 வாரம் ஆனதும் சிசேரியன். ஆண் பிள்ளை. தாயும் பிள்ளையும் சுகம்.

வீட்டுக்கு வந்தபின் மிஸி தேடி வந்து பார்ப்பது இங்கிலாந்தில் எனக்குக் கிடைத்ததைவிட நெருக்கமாக இருந்தது. முதல் நாட்களில் அநேகமாக தினமும், பிறகு விட்டுவிட்டு, இருபதாம் நாள்வரை. தையலைப் பார்க்கிறார், பிரஷர் பார்க்கிறார், பிள்ளைக்கு மஞ்சள் காமாலை இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறார். அண்ணியின் அம்மாவோ பழைய முறைக்காரர். பத்தியம், சூடு, தண்ணீர் கொஞ்சமாக. "பிள்ளை பெத்தவ தண்ணி குடிச்சா வயிறு பெருத்துடும்" என்று சொம்பை எடுத்து வைத்துவிட்டார். மிஸி சண்டை போடவில்லை. பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து, "பூண்டுக் குழம்பு குடுங்க பாட்டி, கருவாடு உப்புக் கம்மியா குடுங்க. தண்ணி மட்டும் நிறைய குடிக்கட்டும், எழுந்து நடக்கட்டும். இல்லன்னா கால்ல ரத்தம் கட்டி நெஞ்சுக்குப் போயிடும், அதுல செத்தவங்க இருக்காங்க" என்றார். அதற்காகத்தான் வயிற்றில் தினமும் ஊசி போட்டுக்கொண்டிருந்தாள் என்பது பாட்டிக்கு அப்போதுதான் விளங்கியது. அன்று சாயங்காலம் பாட்டியே ஓமத்தண்ணி காய்ச்சிக் கொண்டுவந்து பெரிய மக்கில் ஊற்றிக் கொடுத்தார்.

ஆறாம் வாரத்தில் மறுபடி குளுக்கோஸ் சோதனை இருக்கிறது. பிரசவம் முடிந்தால் சர்க்கரையும் முடிந்தது என்று நிறைய பேர் இதற்குப் போவதே இல்லை, பிற்காலத்தில் நிரந்தர இனிப்புநீர் வருவது இவர்களுக்குத்தான் அதிகம். அடுத்த பிள்ளை வேண்டுமென்றால் கருத்தரிப்பதற்கு முன்பே கிளினிக்கில் வந்து சொல்லச் சொன்னார்கள். சர்க்கரையையும் பிரஷரையும் சரிசெய்து, தக்க மருந்துக்கு மாற்றிய பிறகு ஆரம்பிக்கலாமாம். சோதனை நாளில் மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கவில்லை. பக்கத்து வீட்டு அக்கா காரில் கூட்டிப்போவதாக ஒத்துக்கொண்டிருக்கிறார், பெட்ரோலுக்கு நான் அனுப்பிவிடுகிறேன்.