ஈ-காலிஸ்டோ: ஆன்டெனா வாங்கும் முன் இதைத் திறந்து பாருங்கள்

சூரிய வெடிப்புகளை ரேடியோவில் கவனிக்க ஆசைப்பட்டு, எந்த ஆன்டெனா வாங்கலாம் என்று கேட்பவர்களுக்கு என் பதில் ஒன்றுதான்: காசு அப்படியே இருக்கட்டும், முதலில் சூரியனை ரேடியோவில் கவனிக்கும் உலகளாவிய நிலையங்களின் வலையமைப்பான ஈ-காலிஸ்டோவின் பதிவுகளோடு கொஞ்ச நாள் பழகுங்கள். சூரிக்கின் ஈடிஎச் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டியன் மான்ஸ்டைன் வடிவமைத்த மலிவான காலிஸ்டோ கருவி இன்று பல நாடுகளில் ஓடுகிறது, நம் ஊட்டியிலும் ஒன்று உண்டு. எங்காவது ஓரிடத்தில் பகலாக இருக்கும் என்பதால் 24 மணி நேரமும் சூரியன் கண்காணிப்பில் இருக்கிறது. மேகம், மழை தடையில்லை. எல்லாப் பதிவுகளும் இலவசம்.

கருவி 45 முதல் 870 மெகாஹெர்ட்ஸ் வரை கேட்கும். வெடிப்பிலிருந்து எலக்ட்ரான் கற்றை ஒன்று வெளியே பாயும்போது, மேலே போகப் போக சூரிய வளிமண்டலத்தின் அடர்த்தி குறைகிறது, அதனால் அது கிளப்பும் ரேடியோ அலையின் அலைவெண்ணும் இறங்குகிறது. நேரம் கிடையாகவும் அலைவெண் செங்குத்தாகவும் வரையப்பட்ட பதிவுப் படத்தில் அது சில நொடிகளில் கிட்டத்தட்ட செங்குத்தாகத் தெரியும் கோடு, அதுதான் டைப் 3 எனப்படும் ரேடியோ வெடிப்பு வகை. அதிர்ச்சி அலை கிளப்பும் டைப் 2 நிமிடக்கணக்கில் மெல்லச் சாய்ந்து வரும். அந்தச் சாய்விலிருந்தே அதிர்ச்சி அலையின் வேகத்தைக் கணக்கிடலாம் என்பது, எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத விஷயம்.

குறைகளும் இருக்கின்றன. கோப்புகள் 15 நிமிடத் துண்டுகள் என்பதால் நீளமான டைப் 2 சில சமயம் பாதியில் வெட்டுப்பட்டு அடுத்த கோப்புக்குப் போய்விடும், நாமே ஒட்டிப் பார்க்க வேண்டும். எஃப்எம் நிலையங்கள் 88 முதல் 108 வரை பட்டை போட்டு மறைக்கும். காலிஸ்டோ நிலையத்துக்கு நிலையம் ஆன்டெனா வேறு, அதனால் பிரகாசத்தை நேரடியாக ஒப்பிடாதீர்கள். ஆனால் இரண்டு தொலைதூர நிலையங்களில் ஒரே நொடியில் ஒரே வடிவம் தெரிந்தால் அது உள்ளூர் இரைச்சல் இல்லை என்று நம்பலாம், ஒரே ஒரு ஆன்டெனாவை மொட்டை மாடியில் வைத்திருப்பவருக்கு இந்த வசதி கிடைக்காது.

பழைய பதிவுகளைப் பார்க்கத் தொடங்க 2024 மே நல்ல மாதம். மே 14 அன்று எக்ஸ் 8.7 வெடிப்பு (எக்ஸ் என்பது மிக வலுவான வகை) உச்சம் தொட்டது உலக நேரம் 16:51, நமக்கு இரவு 10:21. அதனால் அதை ஊட்டி கோப்பில் தேடாதீர்கள், அமெரிக்கக் கண்டத்து நிலையங்களுக்குப் போங்கள்.