ஆடி மாதத்தில் பூநாரை காட்டுகிறோம் என்பவர்களிடம் கவனம்

திருகோணமலையில் ‘களப்பு நடை, ஊர்ச் சாப்பாட்டோடு’ என்று விற்கும் ஒரு குழு, ஆடி மாதம் முழுக்காசையும் முன்னரே வாங்கிக்கொண்டு எங்களை நிலாவெளிப் பக்கம் கூட்டிப்போனது. விளம்பரத்தில் பூநாரைக் கூட்டம். களப்பில் (கடலோர உப்புநீர் ஏரியில்) நாலு கொக்கும் ஒரு நீர்க்காகமும்.

இதில் பறவையின் குற்றம் ஒன்றுமில்லை. வடக்கிலிருந்து வரும் உள்ளானும் வாத்தும் பெரும்பாலும் புரட்டாசி, ஐப்பசியில் இறங்கி, பங்குனியோடு கிளம்பிவிடும். பூநாரையும் பெரும்பாலும் அந்தக் காலத்துப் பறவைதான். கடற்கரைக்கு வெளிநாட்டார் வரும் சீசன் அதற்கு நேரெதிர். கார்த்திகை, மார்கழியில் மழையும் சேறும் என்பதால், தை பிற்பகுதியும் மாசியும்தான் தோது. காலை ஆறு மணிக்கே இறங்கவேண்டும். எங்களை இறக்கியது ஒன்பதரைக்கு.

அதைவிட மோசம், வழிகாட்டி களப்போரத்தில் வளரும் தில்லை மரத்தின் கொப்பை முறித்துப் பிள்ளைகளுக்குப் பால் வடிவதைக் காட்டியது. அந்தப் பால் தோலில் பட்டால் கொப்புளிக்கும், கண்ணில் பட்டால் சிலநேரம் பார்வையே போய்வரும். கண்ணைக் கசக்காமல், களப்புத் தண்ணீரைத் தொடாமல், நல்ல தண்ணீரை விட்டுக் கால்மணி நேரமாவது கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். கூடவே நிற்கும் மற்றக் களப்போர மரங்களில் கண்டலுக்கு முட்டுவேர், கண்ணாவுக்குப் பென்சில்போல நிமிர்ந்த மூச்சுவேர். தில்லைக்கு இரண்டும் இல்லை. விழப்போகும் இலை சிவந்திருக்கும். இதை அறியாதவர் வழிகாட்டியே அல்ல.

சாப்பாடு? ஒடியல் கூழ் என்று ஊற்றியது கோதுமை மாக் கஞ்சி: வெள்ளையாய், வழுவழுவென்று, ஆறும்போது ஆடை படர்ந்தது. ஒடியல் என்பது காயவைத்த பனங்கிழங்கு. அதன் மாவைத் தண்ணீரில் ஊறவிட்டு, மேலே தெளியும் நீரை வடித்தால்தான் கசப்பு இறங்கும். நண்டு, இறால், பலாக்கொட்டை, பயிற்றங்காய் எல்லாம் அவிந்த பிறகு, புளியும் அரைத்த செத்தல் மிளகாயும் விட்டு, கடைசியில் மாவைக் கரைத்து ஊற்றுவார்கள். அப்போது பனை வாசம் எழும்பும். இலேசான கசப்பு மிஞ்சினால் அது நல்ல அடையாளம். மட்டிக் கறியில் ஒவ்வொரு வாயும் நறநறவென்றது. மட்டியைச் சில மணிநேரம் உப்புத் தண்ணீரில் போட்டுவைத்தால் தானாகவே மண்ணைக் கக்கும். அவித்தும் வாய் திறக்காததை எறிந்துவிடவேண்டும். இங்கே அதையும் சேர்த்தே பரிமாறினார்கள்.

பதிவுசெய்யும்போது எந்த மாதத்தில் எந்தப் பறவை வரும், கூழுக்கு என்ன மா என்று கேளுங்கள். சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையின் வழிகாட்டி உரிம அட்டையைப் பாருங்கள். முற்பணம் பாதிக்கு மேல் வேண்டாம், அதற்கும் பற்றுச்சீட்டு வாங்குங்கள். எங்களுக்குத் தரவில்லை, அதனால் காசைத் திருப்பிக் கேட்கக் கையில் ஒரு துண்டும் இல்லை.