"டேட்டா போகாமல் லாக் எடுத்துத் தருகிறோம்" என்பவர்களிடம் போனைக் கொடுக்காதீர்கள்

பாஸ்கோடு மறந்துபோன போனை, "டேட்டா ஒன்றும் போகாது, சாயங்காலம் வந்து வாங்கிக்கொள்ளுங்கள்" என்று வாங்கி வைத்துக்கொண்டு, உள்ளே இருந்ததை மொத்தமாகத் துடைத்துத் திருப்பிக் கொடுக்கும் கடைகள் பெருகிவிட்டன. கேட்டால், "சாஃப்ட்வேர் ஏற்கெனவே கரப்ட் ஆகியிருந்தது" என்று பதில் வரும். அப்படி ஒன்றும் ஆகியிருக்காது. வீட்டில் உட்கார்ந்து காசில்லாமல் செய்யக்கூடிய ரீசெட்டைத்தான் பில் போட்டுச் செய்திருக்கிறார்கள். பில் போட்டிருந்தால் அதுவே அதிசயம்.

டேட்டா போவதோடு முடிந்தால்கூடப் பரவாயில்லை. ஐபோன்களில் அடிக்கடி நடப்பது இது. ரீசெட் ஆனபிறகு போன் ஆப்பிள் கணக்கின் பாஸ்வேர்டைக் கேட்கிறது. "செக் பண்ணத்தான்" என்று கடைக்காரர் கேட்க, போனுக்கு உரியவரும் சொல்லிவிடுகிறார். கடைக்காரர் உள்ளே நுழைந்து, தொலைந்த போனைத் தேடவும் பூட்டவும் உதவும் ஃபைண்ட் மை வசதியை அணைக்கிறார். ஆப் இறக்க வசதி என்று சொல்லித் தன் கணக்கையே அதில் போட்டுக் கொடுக்கிறார். போன் நன்றாகத்தான் ஓடுகிறது. சில மாதம் கழித்து விற்கலாமென்று ரீசெட் செய்யும்போது திரையில் ஒரு மின்னஞ்சல் முகவரி தெரிகிறது: முதல் எழுத்து, அப்புறம் வரிசையாகப் புள்ளிகள். அந்த முதல் எழுத்து உரியவருடையதே இல்லை. போன் இப்போது கடைக்காரர் கணக்கில் பூட்டிக் கிடக்கிறது. எடுத்துவிட இன்னொரு தொகை கேட்பார், அல்லது கடையே காலி செய்துகொண்டு போயிருக்கும்.

டேட்டாவோடு திறக்க ஏன் முடியாது என்பதைத் தெரிந்துகொண்டால் பேரம் பேசும்போதே பொய் பிடிபட்டுவிடும். இன்றைய போன்களில் படம், செய்தி எல்லாமே சங்கேதமாக்கித்தான் சேமிக்கப்படுகின்றன. அதை அவிழ்க்கும் சாவி எங்கும் எழுதி வைக்கப்பட்டிருக்காது. நீங்கள் போடும் பாஸ்கோடும் சிப்புக்குள் தயாரிப்பிலேயே பதிந்த ரகசிய எண்ணும் சேர்ந்தால்தான் அது உருவாகும். ஐபோனில் 2013-இல் வந்த 5எஸ் மாடலிலிருந்து இந்த வேலையை செக்யூர் என்க்ளேவ் என்ற தனிப் பகுதி பார்க்கிறது. ஆண்ட்ராய்டு 10-உடன் வெளிவந்த போன்களிலிருந்து ஒவ்வொரு ஃபைலையும் தனித்தனியாகச் சங்கேதமாக்கும் என்க்ரிப்ஷன் கட்டாயம். எனவே "போர்டிலிருந்து மெமரி சிப்பைக் கழற்றி டேட்டா எடுப்போம்" என்று யாராவது சொன்னால் போனை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள். கழற்றிய சிப்பில் கிடைப்பது அவிழ்க்க முடியாத குப்பை மட்டுமே.

"அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ.யே திறந்திருக்கிறதே?" என்பார்கள். 2016-இல் அவர்கள் வெளியாள் உதவியோடு திறந்தது ஐபோன் 5சி. அதில் செக்யூர் என்க்ளேவ் கிடையாது. போலீஸ், புலனாய்வு அமைப்புகளுக்கென்று விற்கப்படும் கருவிகள் உண்டு. அவையும் எல்லா மாடலிலும், எல்லா வெர்ஷனிலும் வேலை செய்வதில்லை. தெருமுனைக் கடையின் "பாக்ஸ்" என்ற அன்லாக் கருவி அந்த ரகம் அல்ல.

கடைக்குப் போவதற்கு முன்பே செய்ய வேண்டியவை நிறைய இருக்கின்றன. முதலில், குத்துமதிப்பாக எண்களைப் போட்டுப் பார்ப்பதை நிறுத்துங்கள். ஐபோனில் தப்பு கூடக்கூடக் காத்திருப்பு ஒரு நிமிடத்தில் தொடங்கி மணிக்கணக்கில் நீளும். பத்துத் தப்பு ஆனதும் கதவு சாத்தப்படும். பத்தாவது தப்பில் டேட்டாவை அழிக்கும் அமைப்பை முன்பே போட்டிருந்தால் அதோடு எல்லாம் போயிற்று. ஒரே தப்பு எண்ணைத் திரும்பத் திரும்பப் போட்டால் அது ஒரே தப்பாகத்தான் கணக்கு. போன் கேட்பது சிம் பின்னா, திரைப் பூட்டா என்பதையும் பாருங்கள். சிம் பின் என்றால் மூன்று தப்புக்குப் பிறகு பி.யு.கே. என்ற சிம் திறப்பு எண்ணைக் கேட்கும், அதை நெட்வொர்க் நிறுவனம் கொடுக்கும். பி.யு.கே.யையும் பத்து முறை தப்பாகப் போட்டால் சிம் செத்துவிடும், போனுக்கு ஒன்றும் ஆகாது. இந்தச் சின்னக் குழப்பத்துக்காகவே நல்ல போனை ரீசெட் செய்துகொண்டவர்கள் உண்டு.

கைரேகையோ முகமோ இன்னும் திறக்கிறதா? அப்படியானால் அணைக்கவே அணைக்காதீர்கள், சார்ஜும் தீரவிடாதீர்கள். ஒருமுறை அணைந்து எழுந்தால் பாஸ்கோடு இல்லாமல் கைரேகை வேலை செய்யாது. அணைக்காவிட்டாலும் நேரம் ஓடிக்கொண்டிருக்கிறது: ஆண்ட்ராய்டு பொதுவாக 72 மணி நேரத்துக்கு ஒருமுறை பின் கேட்கும், ஐபோன் 48 மணி நேரம் திறக்கப்படாமல் கிடந்தால் கேட்கும், ஆறரை நாள் பாஸ்கோடே போடாமல் இருந்தாலும் கேட்கத் தொடங்கிவிடும். பழைய பின் இல்லாமல் புது பின் வைக்க முடியாது. ஆனால் அந்த இடைவெளியில் படங்களை வெளியே அனுப்பலாம், கிளவுடுக்கு ஏற்றலாம், வாட்ஸ்அப் பேக்கப் எடுக்கலாம். புதிய கம்ப்யூட்டரில் ஐபோனைச் செருகினால் அந்தக் கம்ப்யூட்டரை நம்பலாம் என்று உறுதிசெய்யப் பாஸ்கோடு கேட்கும் என்பதால் ஐக்ளவுட், ஏர்டிராப் வழியே போவது நல்லது.

பாஸ்கோடை நேற்று மாற்றி இன்று மறந்தவர்களுக்கு ஐபோனில் இன்னொரு வழி இருக்கிறது. ஐஓஎஸ் 17 முதல், மாற்றிய 72 மணி நேரத்துக்குள் என்றால், பூட்டுத் திரையில் பாஸ்கோடு மறந்ததற்கான பொத்தானைத் தட்டிப் பழைய பாஸ்கோடை வைத்தே உள்ளே போகலாம். டேட்டா அப்படியே இருக்கும். சில சாம்சங் போன்களில் சாம்சங் கணக்கோடு ரிமோட் அன்லாக்கை முன்கூட்டியே போட்டு வைத்திருந்தால், போன் இணையத்தில் இருக்கும்வரை வேறு கருவியிலிருந்து திறக்க முடியும். டேட்டாவோடு திறக்கும் வழிகள் பெரும்பாலும் இவ்வளவுதான். கூகுளின் ஃபைண்ட் வசதி போனைப் பூட்டும், அழிக்கும்; திறக்காது. பேட்டர்ன் மறந்தால் ஜிமெயில் போட்டுத் திறந்த காலம் ஆண்ட்ராய்டு 4.4-உடன் முடிந்துவிட்டது. அதைக் காட்டும் பழைய வீடியோக்கள் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன.

இதெல்லாம் இல்லையென்றால் ரீசெட்தான். ஆனால் அதற்கு முன் வேறொரு கருவியில் உங்கள் கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கில் நுழைந்து பாருங்கள். இந்த ஒரு படியைத் தவறவிட்டதால்தான் பலர் கடைக்காரர் கையில் சிக்குகிறார்கள். கணக்கு திறந்தால், படங்களும் தொடர்பு எண்களும் எந்தத் தேதிவரை ஏறியிருக்கின்றன என்று அங்கேயே தெரிந்துவிடும். வாட்ஸ்அப் பேக்கப்பை முழுமையாக என்க்ரிப்ட் செய்திருந்தால் அதன் பாஸ்வேர்டோ 64 இலக்கச் சாவியோ தேவைப்படும். கணக்கு திறக்கவில்லை என்றால், ரீசெட்டுக்குப் பிறகு போன் அதைத்தான் கேட்கும் என்பதால், அதை முதலில் மீட்டெடுங்கள், போன் ஓரமாக இருக்கட்டும். கூகுள் பாஸ்வேர்டை இப்போதுதான் மாற்றினீர்கள் என்றால் 24 மணி நேரம் பொறுத்து ரீசெட் செய்யுங்கள். மெமரி கார்டு இருந்தால் கழற்றிவிடுங்கள்.

ஐபோனில் திரையிலேயே அழிக்கும் வழி ஐஓஎஸ் 15.2-இலிருந்து இருக்கிறது, இணையமும் ஆப்பிள் பாஸ்வேர்டும் போதும். அது வராவிட்டால் ரெக்கவரி மோட், அதாவது கம்ப்யூட்டர் வழியே சிஸ்டத்தை மறுபடி ஏற்றும் நிலை. போனை முழுதாக அணையுங்கள். ஐபோன் 8-உம் அதற்குப் பிந்தியதும் என்றால் பக்கவாட்டு பட்டனை, 7 என்றால் வால்யூம் குறைக்கும் பட்டனை, 6எஸ்-உம் அதற்கு முந்தியதும் என்றால் ஹோம் பட்டனை அழுத்திப் பிடித்தபடியே கேபிளைக் கம்ப்யூட்டரில் செருகுங்கள். ஆப்பிள் சின்னம் வந்தாலும் விடாதீர்கள். கேபிளும் கம்ப்யூட்டரும் படமாகத் தெரியும்வரை பிடியுங்கள். கம்ப்யூட்டரில் அப்டேட், ரீஸ்டோர் என்று இரண்டு கேட்கும். அப்டேட் கொடுத்தால் சிஸ்டம் புதிதாக ஏறும், மறந்த பாஸ்கோடு அப்படியே இருக்கும். ரீஸ்டோர்தான் கொடுக்க வேண்டும். சாஃப்ட்வேர் இறங்க 15 நிமிடத்துக்கு மேல் ஆனால் போன் தானாக ரெக்கவரியிலிருந்து வெளியே வந்துவிடும். பயப்பட வேண்டாம், இறங்கி முடியட்டும், மறுபடி முதலிலிருந்து செய்யுங்கள். "மூன்று தடவை போட்டும் போகவில்லை, போர்டு கோளாறு" என்று கடைகளில் சொல்லப்படுவது பல நேரம் இந்த 15 நிமிட விவகாரம்தான்.

ஆண்ட்ராய்டில் ரெக்கவரி மெனு வர, அணைத்துவிட்டு பவரையும் வால்யூம் பட்டனையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். எந்த வால்யூம் பட்டன் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். புதிய சாம்சங்கில் கேபிள் கம்ப்யூட்டரில் செருகியிருந்தால்தான் மெனு வரும். பிக்சலில் படுத்த ரோபோவும் "கமாண்ட் இல்லை" என்ற வரியும் வந்தால், பவரைப் பிடித்தபடி வால்யூம் கூட்டும் பட்டனை ஒருமுறை தட்டி விடுங்கள். டேட்டாவை அழிக்கும் வைப் டேட்டா என்ற வரிக்கு வால்யூமால் இறங்கி, பவரால் தேர்வு செய்யுங்கள்.

ரீசெட்டுக்குப் பிறகு வருவதுதான் உண்மையான பூட்டு. ஆண்ட்ராய்டில் 5.1 முதல் உள்ள எஃப்.ஆர்.பி. என்ற ரீசெட் பாதுகாப்பு, அந்தப் போனில் முன்பு இருந்த கூகுள் கணக்கையோ பழைய திரைப் பூட்டையோ கேட்கும். ஐபோனில் இதே வேலையைச் செய்வது, ஆப்பிள் கணக்கைக் கேட்கும் ஆக்டிவேஷன் லாக். இங்கே "பைபாஸ்" என்று ஒரு வியாபாரம் நடக்கிறது. ஆண்ட்ராய்டு பைபாஸ் என்பது செட்அப்பை ஏதாவது ஓட்டை வழியே தாண்டிக் குதிப்பது. அடுத்த ரீசெட்டில் பூட்டு திரும்ப வந்து நிற்கும். ஆண்ட்ராய்டு 15-இல் கூகுள் இதை இன்னும் இறுக்கிவிட்டது. ஐபோனில் பைபாஸ் பெரும்பாலும் 2019-இல் வெளியான செக்எம்8 என்ற பாதுகாப்பு ஓட்டையை வைத்து நடப்பது; அது ஐபோன் எக்ஸ் வரையிலான பழைய மாடல்களுக்கு மட்டும். அப்படித் திறந்த போனில் பல நேரம் சிம் சிக்னலே வராது, ஐக்ளவுட் ஓடாது. கைக்கு வரும்போது வைஃபையில் யூடியூப் ஓட்டிக் காட்டுவார்கள், கால் போட்டுக் காட்ட மாட்டார்கள். சாம்சங்கில் வேறு சிஸ்டம் ஏற்றிப் பார்த்திருந்தால் நாக்ஸ் என்ற பாதுகாப்பு அமைப்பின் குறி நிரந்தரமாக விழுந்துவிடும். ரகசிய ஃபைல்களை வைக்கும் செக்யூர் ஃபோல்டர் அதன்பின் வேலை செய்யாது.

ஆக்டிவேஷன் லாக்கை முறைப்படி எடுக்க வாங்கிய ரசீதோடு ஆப்பிளிடம் விண்ணப்பிக்கலாம். ரசீதில் சீரியல் எண்ணோ, ஒவ்வொரு போனுக்கும் தனியாக உள்ள ஐ.எம்.இ.ஐ. எண்ணோ இருக்கிறதா என்று வாங்கும்போதே பார்த்து வைப்பது உத்தமம்.

கடையைப் போலவே கம்ப்யூட்டர் மென்பொருளிலும் ஏமாற்று உண்டு. "ஒரே கிளிக்கில் திறக்கும்" என்று இலவசமாக இறங்கும், போனை ஸ்கேன் செய்யும், கடைசிப் படியில் பணம் கேட்கும். கட்டினால் செய்வது மேலே சொன்ன அதே ரீஸ்டோர். டேட்டா அழியும் என்ற வரி எங்கோ பொடி எழுத்தில் இருக்கும். சந்தா மாதாமாதம் தானாகப் புதுப்பிக்கும் என்ற வரியும் பக்கத்திலேயே இருக்கும். தேடலில் முதலில் வரும் "கஸ்டமர் கேர்" எண்களை அழைப்பது இன்னும் மோசம், ஓ.டி.பி. சொல்லச் சொல்வார்கள், திரையைப் பகிரச் சொல்வார்கள். கணக்கு மீட்பு முழுவதும் அந்தந்த நிறுவனத்தின் பக்கத்தில் நீங்களே செய்வது. நடுவில் ஆள் தேவையில்லை.

எப்படியும் கடைக்குத்தான் போக வேண்டும் என்றால், சிம்மையும் கார்டையும் கழற்றிக்கொண்டு போங்கள். ஐ.எம்.இ.ஐ. எண், "டேட்டா அழியும்" அல்லது "அழியாது" என்ற வார்த்தை, தொகை மூன்றையும் ரசீதில் எழுதச் சொல்லுங்கள். "அழியாது" என்று எழுத மறுத்தால் அதுவே பதில். பாஸ்வேர்டை நீங்களே தட்டுங்கள், சொல்லாதீர்கள். திரும்ப வாங்கும்போது *#06# போட்டு ஐ.எம்.இ.ஐ. எண் ரசீதோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள், அங்கேயே ஒரு கால் செய்யுங்கள், செட்டிங்ஸில் இருப்பது உங்கள் கணக்குதானா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

ஏற்கெனவே ஏமாந்துவிட்டீர்களா? கணக்கின் பாஸ்வேர்டை இன்றே மாற்றி, தெரியாத கருவிகளை அதிலிருந்து வெளியேற்றுங்கள். போனில் கடைக்காரர் கணக்கு இருந்தால், போன் வேலை செய்துகொண்டிருக்கும்போதே அதை எடுக்க வைத்துவிடுங்கள். ரீசெட் செய்தபிறகு கெஞ்ச வேண்டிவரும். ரீசெட் ஆகிப் பூட்டிக் கிடக்கும் போனுக்கு "கொண்டுவந்தால்தான் முடியும்" என்பது பொய். அவர் தன் கணக்கில் நுழைந்து அந்தக் கருவியை நீக்கினால் போதும், எங்கிருந்தும் இரண்டு நிமிட வேலை.