நான் லேமினேஷன் போட்டு வைத்திருந்தது நிராகரிப்புத் தாளை! மகளிர் உரிமைத் தொகை மேல்முறையீடு செய்கிறவர்கள் கவனம்

ஆத்திரம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன், ஆறிப்போனால் எழுத மாட்டேன். கலைஞர் மகளிர் உரிமைத் தொகைக்கு விண்ணப்பம் கொடுத்து, நிராகரிக்கப்பட்டது என்று போனுக்கு மெசேஜ் வந்தவர்கள் தயவுசெய்து முழுதாகப் படியுங்கள். எனக்குப் போனது 4,530 ரூபாய். மாதம் ஆயிரம் ரூபாய் வரும் என்று ஓடி, கையில் இருந்த 4,530 ரூபாயை விட்டுவிட்டு வந்தவள் நான். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். என் வீட்டுக்காரர் திட்டவும் முடியாமல் சும்மா இருக்கவும் முடியாமல் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். எந்த மெசேஜுக்கு என்ன அர்த்தம், வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதையெல்லாம் கடைசியில் வரிசையாக எழுதுகிறேன், முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

எங்களுடையது காம்பவுண்டு வீடு. கீழே நான்கு குடித்தனம், மாடியில் வீட்டுக்கார அம்மா. நான் வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறேன். ரேஷன் கடைக்காரர் வீட்டுக்கே வந்து டோக்கனும் விண்ணப்பமும் கொடுத்துவிட்டுப் போனார், பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் முகாம் நடந்தது, போய் வரிசையில் நின்று கொடுத்தேன். விண்ணப்பத்தில் மின் இணைப்பு எண் கேட்டிருந்தது. மாடி அம்மாவிடம் அட்டையை வாங்கி, அதிலிருந்த எண்ணை அப்படியே எழுதினேன். எங்கள் நான்கு குடித்தனத்துக்கும் தனி இணைப்பு கிடையாது, சப் மீட்டர்தான். இதுதான் பின்னால் வந்து காலை வாரியது, ஆனால் அன்றைக்கு எனக்கு அது தெரியாது. முகாமில் விரல் ரேகை வைக்கச் சொன்னார்கள், வைத்தேன். இந்த ரேகை விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

2023 செப்டம்பர் 15 காஞ்சிபுரத்தில் திட்டத்தின் தொடக்க விழா. அதற்கு முந்தின நாளே எங்கள் காம்பவுண்டுக்கு எதிர் வீட்டில் இரண்டு பேருக்குப் பணம் ஏறிவிட்டது. எனக்கு ஒன்றும் வரவில்லை. மொத்தம் 1 கோடியே 63 லட்சம் பேர் விண்ணப்பித்து 1 கோடியே 6 லட்சம் பேருக்குத்தான் கொடுத்திருக்கிறார்கள், மற்றவர்களுக்கு 18ஆம் தேதியிலிருந்து காரணத்தோடு மெசேஜ் வரும் என்றார்கள். எனக்கு 21ஆம் தேதி சாயங்காலம் வந்தது.

இப்போது அந்த மெசேஜைத் திரும்பப் படித்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது, ஏனென்றால் எல்லாமே அதில் இருக்கிறது, அதுவும் தமிழில். விண்ணப்பம் ஏற்கப்படவில்லை, ஆண்டு மின் நுகர்வு 3600 யூனிட்டுக்கு மேல் என்பது காரணம், ஏற்காவிட்டால் 30 நாளுக்குள் இ-சேவை மையம் வழியாகக் கோட்டாட்சியருக்கு (ஆர்டிஓ) மேல்முறையீடு செய்யலாம். மூன்றே விஷயம். ஆனால் அன்றைக்கு நிராகரிப்பு என்ற வார்த்தையைப் பார்த்ததும் மண்டைக்குள் வேறெதுவும் ஏறவில்லை. 3600 என்பதைக் கரண்டு பில் ரூபாய் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு ஃபேன், ஒரு டிவி, என் மெஷின் மோட்டார், இதற்கு எங்கிருந்து அவ்வளவு வரும் என்று இரவெல்லாம் யோசித்தேன். கோட்டாட்சியர் என்றால் கலெக்டரா, அவரை நான் எங்கே போய்ப் பார்ப்பது என்று பயம் வேறு.

மறுநாள் வெள்ளிக்கிழமை. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஜெராக்ஸ் எடுத்து, ரீசார்ஜ் செய்து, ஆன்லைன் வேலையும் பார்க்கும் கடை ஒன்று. பெயர் எழுதவில்லை, எழுதினால் அதற்கு வேறு அலைய வேண்டும். வாசலில் எல்லா அரசுத் திட்டமும் விண்ணப்பிக்கப்படும் என்று முதலமைச்சர் படத்தோடு பேனர் தொங்கும், அதைப் பார்த்து அரசு இ-சேவை மையம் என்றே நான் நினைத்தேன். உள்ளே இருபத்தைந்து வயதுப் பையன். உட்காருங்கக்கா என்று ஸ்டூலை இழுத்துப் போட்டான், தண்ணீர் கொடுத்தான், பாப்பா என்ன படிக்கிறாள் என்று கேட்டான். மெசேஜைக் காட்டினேன். இரண்டு நொடிகூடப் பார்த்திருக்க மாட்டான்.

"அக்கா, ரிஜெக்ட்ல ரெண்டு வகை இருக்கு. ஒண்ணு பர்மனென்ட், ஒண்ணு டெம்பரவரி. உங்களோடது டெம்பரவரி. எடுத்து விட்டுடலாம், பயப்படாதீங்க."

அப்படி இரண்டு வகை உலகத்திலேயே கிடையாது. அந்த ஒரு வார்த்தையில் எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது, அதுதான் உண்மை. என் ஆதார் எண்ணைப் போட்டான், போனுக்கு வந்த ஓடிபியைக் கேட்டான், சொன்னேன். மானிட்டரை என் பக்கம் திருப்பினான். என் பெயர், ரேஷன் கார்டு எண், விண்ணப்ப எண் எல்லாம் வந்து நிற்கிறது. கவர்மென்ட் பக்கத்தில் என் பெயரைப் பார்த்ததும் இவனுக்கு உள்ளே ஆள் இருக்கிறது என்றே நம்பிவிட்டேன். ஆதார் எண்ணும் ஓடிபியும் இருந்தால் அந்தப் பக்கத்தை யார் வேண்டுமானாலும் திறக்கலாம், நானே என் போனில் திறந்து பார்த்திருக்கலாம் என்பது பின்னால்தான் தெரிந்தது.

அப்பீல் கட்டணம் 500 என்றான், கொடுத்தேன். அப்புறம் குரலைத் தாழ்த்தி, ஃபைலை மேலே தள்ளிவிடுகிற ஆளுக்கு 1,500 கொடுத்தால் அடுத்த மாதம் 15ஆம் தேதியே ஏறிவிடும், இல்லையென்றால் ஆறு மாதம் ஆகும் என்றான். அங்கேதான் நான் எழுந்து வந்திருக்க வேண்டும். எழவில்லை. தீபாவளித் துணிக்கு முன்பணமாக வந்ததிலிருந்து எடுத்துக் கொடுத்தேன்.

அதற்கப்புறம் சின்னதாக ஒரு மெஷினை எடுத்து வைத்தான், சிவப்பு வெளிச்சம் எரிந்தது. ரேகை வைத்தால்தான் அப்பீல் ஏறும் என்றான். முகாமிலும் ரேகை வைத்தோம், ரேஷன் கடையில் மாதாமாதம் வைக்கிறோம், எனக்கு எந்தச் சந்தேகமும் வரவில்லை. எந்த பேங்கில் கணக்கு என்று கேட்டான், அதையும் சொன்னேன். ஊசி குத்திக் குத்தி என் கட்டை விரல் ரேகை லேசில் விழாது. மூன்று முறை வைத்தும் விழவில்லை. முந்தானையில் விரலைத் துடைத்துவிட்டு நானே நாலாவது முறை அழுத்தி வைத்தேன். "விழுந்துடுச்சுக்கா" என்றான், முகமெல்லாம் சிரிப்பு. ஏன் சிரிக்க மாட்டான்? என் கணக்கிலிருந்து 2,500 ரூபாய் அந்த நிமிடம் அவன் கைக்குப் போயிருக்கிறது. பேங்கில் கொடுத்திருந்தது எங்கள் பழைய நம்பர், அந்த சிம் செத்து இரண்டு வருடம் ஆகிறது, அதனால் பணம் எடுத்த மெசேஜ் என்னிடம் வரவே இல்லை.

கடைசியில் கலரில் ஒரு தாள் பிரிண்ட் போட்டு, இதுதான் அப்பீல் ரசீது, கிழிந்துவிடும், லேமினேஷன் போட்டுக்கொள்ளுங்கள் என்றான். லேமினேஷன் 30 ரூபாய். போட்டுக்கொண்டேன். வீட்டுக்கு வந்து முருகன் படத்துக்குப் பின்னால் வைத்து, அதன் மேல் கொஞ்சம் குங்குமம் வேறு தொட்டு வைத்தேன்.

500, 1,500, 2,500, 30. மொத்தம் 4,530. பிளெயின் ஜாக்கெட்டுக்கு 150 ரூபாய் வாங்குகிறேன். முப்பது ஜாக்கெட் தைத்தால் 4,500, மிச்சம் 30 அவன் போட்ட லேமினேஷனுக்கு.

இரண்டு வாரம் கழித்து ஸ்டேட்டஸ் கேட்கப் போனேன். சர்வர் டவுன் என்றான். திங்கட்கிழமை போனேன், "பிராசஸ்ல இருக்குக்கா, பச்சை ஆகணும், இப்ப மஞ்சள்ல நிக்குது" என்றான். என்ன பச்சை, என்ன மஞ்சள், நான் ஒன்றும் கேட்கவில்லை, தலையாட்டிவிட்டு வந்தேன். இன்னொரு நாள் கூட்டமாக இருக்கிறது, சாயங்காலம் வாருங்கள் என்றான், சாயங்காலம் போனால் ஷட்டர் பாதி இறங்கியிருக்கிறது. அக்டோபர் 15ம் வந்தது, போனது. எதிர் வீட்டுக்காரிக்கு இரண்டாவது ஆயிரமும் ஏறியாயிற்று.

16ஆம் தேதி எதிர் வீட்டுக்காரிதான் கையைப் பிடித்து இழுக்காத குறையாக, தாலுகா ஆபீசில் இதற்கென்றே உதவி மையம் போட்டிருக்கிறார்கள், அங்கே போகலாம் வா என்று கூட்டிப் போனாள். மேஜைக்குப் பின்னால் இருந்த அம்மாவிடம் என் லேமினேஷன் தாளை நீட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார். திருப்பிப் பார்த்தார். மறுபடி படித்தார்.

"இது ரசீது இல்லம்மா. உன் விண்ணப்பம் ரிஜெக்ட் ஆயிடுச்சுன்னு சொல்ற பக்கம். இதையா லேமினேஷன் போட்டு வெச்சிருக்க?"

எனக்குப் பின்னால் நின்றவர்களில் ஒருத்தி சிரித்துவிட்டாள். அவள் மேல் கோபம் இல்லை. மேல்முறையீடே பதிவாகவில்லை, எனக்கு இன்னும் ஐந்து நாள்தான் இருக்கிறது என்று அந்த அம்மா சொன்னார். 3600 என்பது வருடத்துக்கு யூனிட் கணக்கு, அதாவது இரண்டு மாத ரீடிங்குக்கு 600, நான் எழுதியது மாடி வீட்டு ஏசியும் நான்கு குடித்தனமும் சேர்ந்து ஓடுகிற மீட்டர், அதுதான் கணினி தள்ளியிருக்கிறது என்று ஐந்தே நிமிடத்தில் புரிய வைத்தார். ஐந்து நிமிடம்! இதற்காகவா நான் 4,530 ரூபாய் கொடுத்தேன்?

மறுநாள் மாடி அம்மாவிடம் நாங்கள் வாடகைக்கு இருக்கிறோம், சப் மீட்டர்தான் என்று கடிதம் எழுதி வாங்கினேன். அப்படியே பேங்கில் பாஸ்புக் பதிந்தேன், அங்கேதான் அந்த 2,500 தெரிந்தது. செப்டம்பர் 22, பக்கத்தில் ஏஇபிஎஸ் என்று நான்கு எழுத்து. ஆதாரும் ரேகையும் வைத்துப் பணம் எடுப்பதற்குப் பெயராம் அது. கவுண்டரில் இருந்தவர், ரேகை உங்களுடையதுதான், சிஸ்டத்தில் சக்ஸஸ் என்று இருக்கிறது, மூன்று நாளுக்குள் வந்திருந்தால் பார்த்திருக்கலாம், போலீசில் எழுதிக் கொடுத்து நகலைக் கொண்டு வாருங்கள் என்றார். ஸ்டேஷனில், 2,500 ரூபாய்தானேம்மா, முதலில் கடையில் போய்ப் பேசிப் பாருங்கள் என்றார்கள். கடையில் முதலாளி உட்கார்ந்திருந்தார், நான் அன்றைக்குத்தான் அவரைப் பார்க்கிறேன். அந்தப் பையன் வேலையை விட்டுப் போய்விட்டான், அவன் வாங்கினதுக்கு நான் பொறுப்பில்லை, ஆயுத பூஜை முடிந்து வாருங்கள் என்றார். பையனுடைய பைக் வாசலில்தான் நிற்கிறது. காட்டினேன். "அது என் பைக்" என்றார். அதில் அந்தப் பையன் தன் பெயரைப் பெரிதாக ஸ்டிக்கர் ஒட்டி வைத்திருக்கிறான்! அதையும் காட்டினேன். "நீங்க விரல் வெக்காம எப்படிம்மா பணம் வந்திருக்கும்?" என்று என்னையே திருப்பிக் கேட்டார், பக்கத்தில் ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்கள் என்னைத்தான் ஒரு மாதிரி பார்த்தார்கள்.

18ஆம் தேதி தாலுகா ஆபீஸ் வளாகத்தில் இருக்கும் அரசு இ-சேவை மையத்திலேயே மேல்முறையீடு பதிந்தாயிற்று. அன்றைக்கே ஆன்லைன் பண மோசடிக்கான 1930 என்ற எண்ணுக்கு அடித்துப் புகார் கொடுத்தேன், புகார் எண் கொடுத்திருக்கிறார்கள். பணம் திரும்ப வருமா என்று கேட்டால் பேங்கைக் கேளுங்கள் என்கிறார்கள், பேங்கில் கேட்டால் ஸ்டேஷன் என்கிறார்கள்.

மெசேஜ் ஒவ்வொன்றுக்கும் அர்த்தம் எழுதுகிறேன் என்றேன், இப்போது அதற்கு நேரமும் இல்லை, பொறுமையும் இல்லை. அவசரமாக இதை மட்டும். நிராகரிப்பில் வகை கிடையாது, பச்சை மஞ்சள் கிடையாது, காரணம் மெசேஜிலேயே இருக்கும், புரியாவிட்டால் பத்தாவது படிக்கிற பிள்ளையை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள், கடைக்காரனைப் படிக்கச் சொல்லாதீர்கள். காரில்லாதவருக்குக் கார் இருக்கிறது என்றோ, வாடகை வீட்டுக்கு 3600 யூனிட் என்றோ வந்திருந்தால் பதறாதீர்கள், அதற்குத்தான் மேல்முறையீடு, ஆனால் 30 நாளை எண்ணிக்கொண்டே இருங்கள். ரேகை வைக்கும்போது பேங்க் பெயர் கேட்டால் விரலை எடுத்துவிடுங்கள். எம்-ஆதார் செயலியில் ரேகையை லாக் செய்து வைக்கலாம், தெரியாதவர்கள் ஆதார் உதவி எண் 1947க்கு அடித்துக் கேளுங்கள், நான் நேற்றுதான் செய்தேன். பேங்கில் இப்போது பேசுகிற நம்பரைக் கொடுங்கள், இன்றைக்கே கொடுங்கள். போன் செய்து உரிமைத் தொகைக்கு ஓடிபி சொல்லுங்கள் என்று எவன் கேட்டாலும் வையுங்கள் கீழே.

ரசீது என்று எதைக் கொடுத்தாலும் அங்கேயே நின்று முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்துவிட்டுக் கிளம்புங்கள். மெஷினில் ஏழு ஜாக்கெட் கிடக்கிறது, ஆயுத பூஜை முடிந்து அந்தக் கடைக்கு மறுபடி போகப் போகிறேன், லேமினேஷன் தாளையும் எடுத்துக்கொண்டு.