எம்எஸ்டபிள்யூவில் எந்தப் பிரிவு: மருத்துவம்-மனநலமா, சமுதாய வளர்ச்சியா, எச்ஆரா?

எம்எஸ்டபிள்யூ, அதாவது சமூகப்பணி முதுகலை, சேர்ந்தால் பெரும்பாலான கல்லூரிகளில் முதலாண்டு எல்லோருக்கும் ஒரே பாடம்தான். இரண்டாம் ஆண்டு தொடங்கும் முன் எந்தப் பிரிவு வேண்டும் என்று எழுதிக் கொடுக்கச் சொல்வார்கள். சில கல்லூரிகளில் சேர்க்கையின்போதே கேட்டுவிடுவார்கள். எந்த வாசலில் போய் வேலை கேட்கப் போகிறோம் என்பது பெரும்பாலும் அங்கேயே முடிவாகிவிடுகிறது. ஆனால் அந்த முடிவைப் பற்றி உட்கார்ந்து பேச ஆள் கிடைப்பதில்லை. சீனியர் அக்கா எதை எடுத்தார், பக்கத்தில் இருப்பவள் எதை எடுக்கிறாள் என்று பார்த்துத்தான் பல பேர் எழுதிக் கொடுக்கிறார்கள்.

நான் எடுத்தது மருத்துவமும் மனநலமும். எங்கள் பேச்சு வழக்கில் எம் அண்ட் பி. முதலில் ஒரு போதை மீட்பு மையத்தில் வேலை பார்த்தேன், இப்போது ஒரு பொது மருத்துவமனையில் இருக்கிறேன். அதனால் என் சாய்வு அந்தப் பக்கம்தான். சமுதாய வளர்ச்சியை முதலாண்டுக் களப்பணியிலும், கூட வேலை செய்பவர்கள் மூலமாகவும் ஓரளவு தெரியும். எச்ஆர், அதாவது மனிதவளம் பற்றி எழுதுவது வகுப்புத் தோழர்கள் சொல்லிக் கேட்டது. அந்த அளவுக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

மூன்று பிரிவுக்கும் பொதுவானதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நான்கு செமஸ்டர், வாரத்தில் இரண்டு நாள் களப்பணி, ஒரு கிராம முகாம், ஒரு ஆய்வறிக்கை, கடைசியில் ஒரு மாத அளவில் பிளாக் பிளேஸ்மென்ட், அதாவது ஒரே நிறுவனத்தில் தொடர்ந்து முழுநேரப் பயிற்சி. பட்டச் சான்றிதழிலும் பெரிய வித்தியாசம் இருக்காது. வித்தியாசமெல்லாம் அந்த இரண்டு நாளில் எங்கே போகிறோம், யாருக்குக் கீழே வேலை கற்கிறோம் என்பதில்தான்.

எச்ஆரை முதலில் பார்த்துவிடலாம். உடனடி வேலை, மூன்றில் நல்ல சம்பளம் என்றால் இதுதான். ஓசூர், ஸ்ரீபெரும்புதூர், கோவை, திருப்பூர் பக்கம் ஆலைகள் இருக்கும்வரை ஆள் தேவை இருக்கும். அதற்குச் சட்ட அடிப்படையும் உண்டு. 1948ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் 49ஆம் பிரிவு, 500 அல்லது அதற்கு மேல் தொழிலாளர்கள் உள்ள ஆலையில் நல அலுவலர் இருக்க வேண்டும் என்றது. 2020இல் வந்த தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அந்த எண்ணிக்கையை 250 ஆகக் குறைத்தது. வீட்டில் கடன் இருக்கிறது, படித்து முடித்ததும் சம்பளம் வந்தாக வேண்டும் என்றால் தயங்காமல் இதை எடுங்கள், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நேர்காணல் வரிசையில் எம்பிஏ படித்தவர்களும் நிற்பார்கள். சென்னை எழும்பூரில் 1952இல் மேரி கிளப்வாலா ஜாதவ் தொடங்கிய மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் ஒர்க்கில் மனிதவள மேலாண்மையைத் தனி முதுகலைப் படிப்பாகவே வைத்திருக்கிறார்கள். மனிதவளம்தான் வேண்டும் என்று தெளிவாக இருப்பவர்கள் அப்படித் தனிப் படிப்பாகவே எடுப்பது நல்லது என்பது என் தோழர்கள் பலரின் கருத்து. மக்களோடு வேலை செய்ய வேண்டும் என்று நினைத்து வந்தவர்களுக்கு மிஞ்சுவது மற்ற இரண்டும்.

சமுதாய வளர்ச்சி தமிழ்நாட்டில் ஆழமாக வேர்விட்ட மரபு. சௌந்தரம் அம்மாவும் ஜி. ராமச்சந்திரனும் 1947இல் திண்டுக்கல் பக்கம் காந்திகிராமத்தைத் தொடங்கினார்கள். 1956இல் அங்கே கிராமியக் கல்வி நிலையம் வந்தது. இன்று வீட்டுக்கு வீடு தெரிந்த மகளிர் சுயஉதவிக் குழுக்களும் 1989இல் தருமபுரி மாவட்டத்தில், சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தொடங்கி மாநிலம் முழுக்கப் பரவியவைதான். ஒரு குழுக் கூட்டத்தில், வாய் திறக்கவே தயங்கிய ஒரு பெண் வங்கி மேலாளரிடம் கணக்குக் கேட்பதைப் பார்த்தால், இந்த வேலையின் மதிப்பு என்ன என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. முதலாண்டில் அதைப் பார்த்துவிட்டு நானும் அந்தப் பிரிவைத்தான் எடுப்பதாக இருந்தேன்.

பிறகு ஏன் மாறினேன்? ஒரே காரணம்தான். திட்டம் முடிந்தபின் கையில் என்ன மிஞ்சும் என்ற கேள்வி.

சமுதாய வளர்ச்சியில் நம்மைப் போன்றவர்களுக்கு வரும் வேலை அநேகமாகத் திட்டத்தோடு பிறந்து திட்டத்தோடு போகும். மூன்று வருடம், அதிகம் போனால் ஐந்து வருடம். 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்தில் தொண்டு நிறுவனங்கள் குவிந்தன. படித்து முடித்த கையோடு ஒருங்கிணைப்பாளராகப் போனவர்கள் ஏராளம். நிதி வற்றியதும் அலுவலகங்கள் மூடப்பட்டன. உலக வங்கிக் கடனில் 2005இல் தொடங்கிய கிராம வறுமை ஒழிப்புக்கான புதுவாழ்வுத் திட்டம் நல்ல பெயர் எடுத்தது, அதற்கும் முடிவுத் தேதி வந்தது. 2020 செப்டம்பரில் வெளிநாட்டு நிதிச் சட்டத்தைத் திருத்தினார்கள். பெரிய நிறுவனம் தான் வாங்கிய வெளிநாட்டு நிதியைச் சிறிய நிறுவனங்களுக்குப் பிரித்துக் கொடுக்கவே கூடாது என்றானது. நிர்வாகச் செலவுக்கான உச்சவரம்பு 50 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாக இறங்கியது. மாவட்டத்தில் இருக்கும் சின்னத் தொண்டு நிறுவனம் ஆள் வைத்துச் சம்பளம் கொடுத்ததே அந்தப் பிரித்துக் கொடுத்த பணத்தில்தான். 2023இல் குழந்தைகள் உதவி எண் 1098 அரசின் கட்டமைப்புக்குள் போனபோதும், அதைத் தொண்டு நிறுவனங்கள் மூலம் நடத்திவந்தவர்கள் வேறு வேலை தேட வேண்டியதாயிற்று.

வேலை போவது எல்லாத் துறையிலும் உண்டுதானே என்பீர்கள். உண்டு. எம் அண்ட் பி படித்தவர்களுக்கும் அரசுத் திட்டங்களில் கிடைப்பது பெரும்பாலும் ஒப்பந்தப் பணியும் தொகுப்பூதியமும்தான். அதை மறைத்துப் பேசக் கூடாது. நான் சொல்வது வேலை நிலைக்குமா என்பதை அல்ல, கைத்தொழில் நிலைக்குமா என்பதை. ஒரு மனிதரோடு உட்கார்ந்து பேசி அவருடைய நிலையைக் கணிப்பது, குடும்பத்தை அழைத்துப் பேசுவது, நடந்ததைப் பதிவாக எழுதுவது, சரியான இடத்துக்கு அனுப்புவது, அனுப்பியபின் அவர் போனாரா என்று பார்ப்பது. இவை எந்த நிதியாளரையும் நம்பி இருப்பவை அல்ல. தையல் தெரிந்தவருக்கு ஒரு கடை மூடினால் அடுத்த கடை இருப்பதுபோல, இந்தத் திறமை ஆளோடு கூடவே வருகிறது.

எங்கெல்லாம் வருகிறது என்று பாருங்கள். எச்ஐவி பரிசோதனை மையங்களிலும், அதற்கு மருந்து கொடுக்கும் ஏஆர்டி மையங்களிலும் ஆலோசகர் இருக்கிறார். மாவட்ட மனநலத் திட்டத்தின் குழுவில் மனநல சமூகப் பணியாளருக்கு இடம் இருக்கிறது. 2022இல் தொடங்கிய டெலி மானஸ் என்ற மனநலத் தொலைபேசி உதவிச் சேவையின் 14416 எண்ணில் பேச ஆள் வேண்டும். பாதிக்கப்பட்ட பெண்களுக்கான ஒருங்கிணைந்த சேவை மையம், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு, போதை மீட்பு, வலி தணிப்புச் சிகிச்சை, பள்ளி ஆலோசனை எல்லாம் இதே திறமையைத்தான் கேட்கின்றன. உறுப்பு மாற்று அறுவை சிகிச்சைக்குப் பதிவு செய்த மருத்துவமனைகளில் ஒருங்கிணைப்பாளர் இருந்தே ஆக வேண்டும் என்று 2011இல் சட்டத்தைத் திருத்தினார்கள். 2014இல் வந்த விதிகளில் அந்தப் பணிக்கான தகுதிகளுள் சமூகப்பணி முதுகலையும் பெயர் சொல்லிக் குறிப்பிடப்பட்டிருக்கிறது. மூளைச்சாவு அடைந்த பையனின் அம்மாவிடம் யார் போய்ப் பேசுவது? எப்படித் தொடங்குவது, எங்கே நிறுத்திக்கொள்வது? அதற்குப் பயிற்சி வேண்டும்.

2021இல் வந்த இணைநிலை மருத்துவப் பணியாளர்கள் ஆணையச் சட்டம், மருத்துவ சமூகப் பணியாளர், மனநல சமூகப் பணியாளர் இருவரையும் தன் அட்டவணையில் சேர்த்திருக்கிறது. பதிவேட்டில் பெயர் ஏறும் தொழிலாக இது மாறிக்கொண்டிருக்கிறது. சமுதாய வளர்ச்சிக்கு அப்படி ஒன்று இன்னும் வரவில்லை.

இந்தத் திறமை எப்படி வருகிறது என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் வகுப்பறையில் வருவதில்லை. களப்பணி முடிந்து அன்றே ரெக்கார்டு எழுத வேண்டும். வாரம் ஒருமுறை சூப்பர்வைசர் அதை வரிவரியாகப் படித்துவிட்டுக் கேள்வி கேட்பார். குடிநோயாளி ஒருவரின் மனைவியிடம் நான் பேசியதை எழுதிக் கொடுத்தபோது, "அவங்க கணவரைப் பத்தி ரெண்டு பக்கம் எழுதியிருக்கே. அவங்க ராத்திரி தூங்குறாங்களான்னு ஒரு வரி இல்லையே, கேட்டியாம்மா?" என்றார் மேடம். நான் கேட்டிருக்கவில்லை. அதன்பின் கேட்காமல் இருந்ததில்லை. இப்படி ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து திருத்தும் வாய்ப்பு எம் அண்ட் பி களப்பணியில் அதிகம், காரணம் பல இடங்களில் மருத்துவமனையிலேயே ஒரு முழுநேர சமூகப் பணியாளர் இருப்பார். சமுதாய வளர்ச்சிக் களப்பணியில் சில இடங்களில், ஊருக்குப் போய் வா, கணக்கெடுத்துக்கொண்டு வா என்று அனுப்பிவிடுவார்கள். நல்ல நிறுவனம் கிடைத்தவர்களின் அனுபவம் வேறாக இருக்கலாம்.

சென்னைப் பக்கம் படிப்பவர்களுக்கு இதில் அதிர்ஷ்டம் அதிகம். கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகம் 1794இல் தொடங்கியது. சாந்தி ரங்கநாதன் 1980இல் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் போதை மீட்பு மையம், டாக்டர் சாரதா மேனன் 1984இல் மனச்சிதைவு நோயாளிகளுக்காகத் தொடங்கிய ஸ்கார்ஃப், வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயக்குமாரும் 1993இல் வீடற்ற மனநோயாளிப் பெண்களுக்காகத் தொடங்கிய பான்யன், எல்லாம் ஒரே ஊரில் இருக்கின்றன. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தர்கா பக்கத்தில் இருந்த காப்பகம் ஒன்றில், 2001 ஆகஸ்ட் 6 அன்று, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் கருகி இறந்தார்கள். வீட்டுக்குப் பக்கத்திலேயே மருந்தும், குடும்பத்தோடு பேச ஒரு ஆளும் இருந்திருந்தால் அவர்களில் எத்தனை பேர் அங்கே கொண்டுபோய் விடப்பட்டிருப்பார்கள் என்று இந்த வேலையில் இருப்பவர்களுக்கு அடிக்கடி தோன்றும். டிஸ்சார்ஜ் ஆன ஒருவர் மறுபடி மருந்தை நிறுத்திவிட்டார் என்றால் பல நேரம் காரணம் அவருடைய பிடிவாதம் இல்லை, பஸ் செலவுக்குக் காசில்லை. பக்கத்துத் தாலுகா மருத்துவமனையில் என்றைக்கு மனநல மருத்துவர் வருகிறார், மாற்றுத்திறனாளி சான்றுக்கு எந்த நாளில் போக வேண்டும், முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் ஏன் பெயர் விட்டுப்போனது என்று ஒவ்வொன்றாகப் பார்த்து முடிப்பதுதான் நாள் முழுக்க வேலை.

இனி இதன் கஷ்டங்கள். பாதிப் பேருக்குத் தெரியாமல் போகிற ஒன்று: எம் அண்ட் பி முடித்ததால் மட்டும் சட்டப்படி மனநல சமூகப் பணியாளர் ஆகிவிட முடியாது. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம், அந்தப் பெயருக்கு முதுகலைக்கு மேல் இரண்டு வருட முழுநேர எம்ஃபிலும் கேட்கிறது. பெங்களூரில் உள்ள தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் போன்ற இடங்களில் அதற்குப் போட்டி கடுமை. பல்கலைக்கழக மானியக் குழுவான யூஜிசி 2022இல் எம்ஃபில் என்ற படிப்பையே நிறுத்தியது. இந்தத் துறைக்கும் மருத்துவ உளவியலுக்கும் மட்டும் 2025-26 வரை விலக்குக் கொடுத்தது. ஆகவே மனநலத்தில் மேலே போக நினைப்பவர்கள் விண்ணப்பிக்கும் ஆண்டில் விதி என்ன என்று கல்லூரியிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது, மருத்துவமனையில் நம் இடம் எப்போதும் வரிசையின் கடைசியில்தான். டாக்டர், நர்ஸ் எல்லோருக்கும் பிறகுதான் கவுன்சிலர். சில இடங்களில் காப்பீட்டுப் படிவம் நிரப்பவே நாள் போய்விடும். சாவைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய் சமைக்க வேண்டியிருக்கும். படிக்கும்போது இருந்த சூப்பர்வைசர் வேலையில் இருக்க மாட்டார், அப்படி ஒருவரை நாமே தேடிக்கொள்ள வேண்டும்.

சமுதாய வளர்ச்சி எடுத்த தோழி ஒருத்தி என்னிடம் கேட்பாள்: "நீ ஒவ்வொருத்தரா பார்த்துட்டே இருந்தா ஊர் எப்ப மாறும்?" நியாயமான கேள்வி. ஒரு தெருவில் பத்து வீட்டில் குடி என்றால் பத்துப் பேரையும் தனித்தனியாக மையத்துக்கு அழைத்து வருவது மட்டும் போதாதுதான். எனக்கு அதற்கு முழு பதில் இல்லை. சொந்த மாவட்டத்தை விட்டு நகர மாட்டேன், கிராம சபையில் எழுந்து பேச வரும், திட்ட அறிக்கை எழுத வரும், நாளைக்குச் சொந்தமாக ஒரு அமைப்பு நடத்த வேண்டும் என்று இருப்பவர்களுக்கு அந்தப் பிரிவுதான் சரி. அவர்களை எம் அண்ட் பி பக்கம் இழுக்க மாட்டேன். கூட்டத்தைவிட ஒரு ஆளோடு ஒரு மணி நேரம் உட்கார்வது சுலபமாக வருகிறது, மாவட்டம் மாறினாலும் கல்யாணமாகி ஊர் மாறினாலும் வேலை தேடிக்கொள்ள வேண்டும் என்பவர்களுக்கு எம் அண்ட் பி என்று உறுதியாகச் சொல்வேன்.

எந்தப் பிரிவானாலும் கல்லூரியில் பணம் கட்டும் முன் களப்பணி நிறுவனங்களின் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். அந்த நிறுவனங்களில் எத்தனையில் எம்எஸ்டபிள்யூ படித்த முழுநேரப் பணியாளர் இருக்கிறார், ஒரு சூப்பர்வைசருக்கு எத்தனை மாணவர்கள், ரெக்கார்டை வாராவாரம் படிக்கிறார்களா அல்லது செமஸ்டர் முடிவில் மொத்தமாகக் கையெழுத்துப் போடுகிறார்களா என்று விசாரியுங்கள். அப்புறம் இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவரைப் பிடித்து அவருடைய ரெக்கார்டு நோட்டைக் காட்டச் சொல்லுங்கள், நோயாளி பெயர் தெரியாதபடிதான். ஓரத்தில் சிவப்பு மையில் கேள்விகள் நிறைய இருந்தால் அந்தக் கல்லூரியில் சேரலாம்.