அம்மம்மாவின் வேதாகமத்துக்குப் புது மட்டை

பழைய புத்தகத்தைத் தைத்துக் கட்டிக் கொடுக்கிறவர்கள் மட்டக்களப்பில் இப்போது குறைவு. போட்டோகொப்பிக் கடையில் கேட்டால் ஸ்பைரல் போட்டுத் தரவா என்கிறார்கள். வேதாகமத்துக்கு ஸ்பைரலா! ஒரு கடையில் புத்தகத்தைக் கட்டிங் மெஷினுக்குக் கீழேயே வைத்துவிட்டார்கள், ஓரமெல்லாம் பழுப்பாய்க் கிடக்கிறது, கால் அங்குலம் வெட்டினால் புதுசு மாதிரி வரும் என்று. பறித்துக்கொண்டு வந்தேன்.

அப்புறம் ஒருவர் சொல்லித்தான் கோட்டமுனைப் பக்கம் இந்தச் சின்னக் கடைக்குப் போனேன். கடையின் பெயரைப் போடவில்லை, கீழே குறையும் சொல்லப்போகிறேன், மனிசர் பாவம். எழுபது வயது இருக்கும். புத்தகத்தை வாங்கி முதலில் கையைத் துடைத்துக்கொண்டார், பிறகு ஒவ்வொரு தாளாகப் புரட்டி, சங்கீதப் பக்கம் வந்ததும் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். "இதில கத்தி வைக்க ஏலா மகள். இது ஆர்ர எழுத்து?" அந்த ஒரு கேள்விக்கே நான் முழு மார்க் போடுவேன்.

எழுத்து அம்மம்மாவுடையது. 46-ஆம் சங்கீதத்தின் ஓரத்தில் பென்சிலால், "23.11.78 இரவு. கூரை போயிற்று. பிள்ளைகள் கட்டிலுக்குக் கீழே. ஆண்டவரே எங்கே இருக்கிறீர்?" சூறாவளி அடித்த இரவு. அதற்குக் கீழே வேறு பென்சிலில் அடுத்த ஞாயிற்றுத் தேதியும் "கோயிலுக்குப் போனோம்" என்பதும் மட்டும். கேள்விக்குப் பதில் கிடைத்ததா என்று எழுதவில்லை. இன்னும் கீழே 26.12.2004, சுனாமி வந்த நாள், சொல் ஒன்றுமில்லை. 2019 ஈஸ்டர் தேதி அம்மாவின் நீலப் பேனாவில் இருக்கிறது. சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்த அன்று அம்மாவால் அதை மட்டும்தான் எழுத முடிந்திருக்கிறது.

போன வருடம் எனக்கு வேலை போய், அதோடு வேறு கரைச்சலும் சேர்ந்து, ஜெபம் செய்யவே வாய் வராமல் கிடந்த நாட்களில் எனக்குத் தெம்பு தந்தது பிரசங்கம் இல்லை, அந்தப் பென்சில் எழுத்துதான். அம்மம்மாவும் எங்கே இருக்கிறீர் என்று கேட்டிருக்கிறா. கேட்டுவிட்டு ஞாயிறு சேலையை மடிப்பெடுத்துக் கட்டிக்கொண்டு போயிருக்கிறா.

புத்தகத்தைக் கொண்டுபோன அன்று புளியந்தீவில் மெதடிஸ்த மத்திய கல்லூரியைக் கடந்துதான் போனேன். சின்னதில் அம்மம்மா அந்த இடம் வந்தால் வில்லியம் ஓல்ட் கதையைத் தொடங்கிவிடுவா. மெதடிஸ்த மிஷனரியாக 1814-இல் வந்தவர். வருகிற வழியிலேயே மனைவியைக் கப்பலில் பறிகொடுத்தார், குழுவைக் கூட்டி வந்த தோமஸ் கோக்கும் கடலிலேயே இறந்துபோனார். இங்கே இருந்தது எட்டு மாதம் போல, 1815 ஏப்ரல் முதலாம் திகதி அவரும் போய்விட்டார். அவர் தொடங்கின பள்ளிக்கூடம்தான் இன்றைக்கும் இருக்கிறது. "எட்டு மாசம் மனே, எட்டு மாசம்" என்று விரலை மடித்து மடித்துச் சொல்லுவா, ஏதோ தன் வீட்டுப் பிள்ளையைப் பற்றிப் பேசுகிற மாதிரி. அப்போது அலுப்பாக இருக்கும்.

சரி, வேலைக்கு வருவோம். பழைய நூலைப் பிரித்து, கிழிந்த மடிப்புகளுக்கு மெல்லிய தாள் ஒட்டி, கட்டுக் கட்டாகக் கையாலேயே தைத்திருக்கிறார். பூச்சி அரிக்காமல் இருக்கக் கோதுமை மாப் பசையில் மயில்துத்தம் கலப்பாராம். பென்சில் எழுத்தில் ஒன்றுகூட அழியவில்லை, ஓரம் ஒரு மயிரளவும் குறையவில்லை. உள்ளே பிறப்பு, ஞானஸ்நானம், இறப்பு எழுதிய முன்தாள் தூளாகப் போகிற நிலையில் இருந்தது, அதையும் புதுத் தாளில் ஒட்டி அதே இடத்தில் வைத்துவிட்டார். கறுப்பு ரெக்சின் மட்டை, கூலி 4200 ரூபா. இந்த வேலைக்கு அது அதிகமில்லை.

இனிக் குறை. மூன்று கிழமை என்றவர் ஏழு கிழமை எடுத்தார், போன் எடுத்தால் பதில் இல்லை, நேரே போய் நின்றால்தான் உண்டு. முதுகில் பொன்னெழுத்தை வெளியே கொடுத்துப் போடுவித்திருக்கிறார், அவர்கள் ஒரு காலை விழுங்கி "பரிசுத்த வேதகமம்" என்று அடித்துவிட்டார்கள். காட்டினதும் மனிசருக்கு முகம் செத்துப்போனது. காசு வாங்காமல் மேலே வேறு துண்டு ஒட்டித் திருத்தித் தந்தார், ஆனால் அந்தத் துண்டின் கறுப்பு வேறு, வெளிச்சத்தில் தெரிகிறது. கொடுக்கும்போதே எழுத்துகளைத் துண்டில் எழுதிக் கொடுங்கள்.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் அம்மா மோந்து பார்த்து, "பசை மணக்குது, விரியுதும் இல்லை" என்றா. புதுத் தையல், கொஞ்ச நாள் இறுக்கமாகத்தான் இருக்கும் என்று அவர் முன்னமே சொல்லியிருந்தார். ஒரு மாதமாகிறது, 46-ஆம் சங்கீதத்தில் மட்டும் தானாக விரிகிறது, மற்ற இடமெல்லாம் கையால் பிடிக்க வேண்டும்.

ஞாயிறும் போயா என்கிற பௌர்ணமி விடுமுறையும் கடை பூட்டு. காலையில் போங்கள், பின்னேரம் அவருக்குக் கண் தெரியாது.